நடந்து போகும் தூரம்: ராயப்பேட்டையில் தொழுகையும் வீடும் மஹல்லாவும்

சென்னை ராயப்பேட்டையில் இரண்டு வகை நேரம் புழங்குகிறது. ஒன்று மணிக்கூண்டின் நேரம். 1930களில் எழுந்த அந்தக் கோபுரத்துக்குக் கடிகாரம் பொருத்தியது கனி அண்ட் சன்ஸ் நிறுவனம். அதில் பகல் பன்னிரண்டு என்றால் ஆண்டு முழுவதும் பன்னிரண்டுதான். இன்னொன்று பள்ளிவாசல்களின் நேரம். அங்கே உச்சிப்பொழுது நவம்பர் தொடக்கத்தில் 11:53க்கே வந்துவிடும். பிப்ரவரி நடுவில் 12:23 வரை தள்ளிப்போகும். மாலைத் தொழுகையான மஃரிபின் பாங்கு நவம்பர் இறுதியில் மாலை 5:40ஐ ஒட்டிக் கேட்கும், ஜூலையில் 6:40ஐ ஒட்டி. அதிகாலைத் தொழுகையான சுப்ஹுடைய பாங்கு ஜூன் தொடக்கத்தில் 4:30க்கு முன்பே, பிப்ரவரி தொடக்கத்தில் 5:20 வாக்கில். இஸ்லாமிய அன்றாட வாழ்வைப் பற்றி எழுதுகிறவர்கள், வாழ்த்தி எழுதினாலும் குறை கண்டு எழுதினாலும், இந்த ஐவேளைக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நேரந்தவறாமை, ஒழுங்கு, கட்டுப்பாடு என்று அந்தப் பேச்சு நீளும். ராயப்பேட்டையை ஊன்றிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அந்த வாழ்க்கைக்கு வடிவம் கொடுப்பதில் கடிகாரத்தின் பங்கைவிடத் தூரத்தின் பங்கு பெரியது. வீட்டிலிருந்து நடந்து போய்த் தொழுதுவிட்டுத் திரும்பிவரக்கூடிய தூரத்தில் ஒரு பள்ளிவாசல், அதே தூரத்துக்குள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி விசாரிக்கும் நூறு இருநூறு குடும்பங்கள் கொண்ட மஹல்லா: இவை இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் தொழுகை நேரம் ஒரு நாளின் நேரமாகிறது. இந்த ஒழுங்கின் பலமும் அதன் குறைகளும் இந்தத் தூரத்தை வைத்துப் பார்க்கும்போதுதான் புலப்படுகின்றன என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் நேரத்தையே எடுத்துக்கொள்வோம். தொழுகைக்கு மார்க்கம் வகுத்திருப்பது நிமிடம் அன்று, ஓர் இடைவெளி. சூரியன் உச்சி சாய்ந்ததிலிருந்து பிற்பகல் தொழுகையான அஸரின் நேரம் தொடங்கும்வரை எப்போது வேண்டுமானாலும் நண்பகல் தொழுகையான லுஹரைத் தொழலாம். ஆனால் பள்ளிவாசலின் பலகையில் ‘லுஹர் ஜமாஅத் 1:15’ என்று கூட்டுத் தொழுகைக்கு ஒரு நேரம் இருக்கும். அதைச் சூரியன் முடிவு செய்யவில்லை. கடை அடைக்கும் நேரம், பள்ளிக்கூடம் விடும் நேரம், அலுவலகத்தின் சாப்பாட்டு இடைவேளை ஆகியவற்றைப் பார்த்து நிர்வாகக் குழு முடிவு செய்தது. அஸரின் கதை இன்னும் சுவாரசியமானது. ஒரு பொருளின் நிழல், உச்சிப்பொழுது நிழல் போக, அதன் உயரத்துக்குச் சமமாகும்போது அஸர் தொடங்கிவிடுகிறது என்பது இஸ்லாமியச் சட்டமரபுகளில் ஒன்றான ஷாஃபி மத்ஹபு. இரு மடங்காக வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் பரவலான நடைமுறை. சென்னையில் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேர வித்தியாசம். ராயப்பேட்டையிலோ தக்கினி உருது பேசும் ஹனஃபிகளும், உள்நாட்டு மாவட்டங்களிலிருந்து வந்த ராவுத்தர்களும், கடற்கரை ஊர்களின் ஷாஃபிகளான மரைக்காயர்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கிறார்கள். பீட்டர்ஸ் சாலை முனையில் உள்ள ஆயிரம் விளக்குப் பள்ளிவாசல் ஷியாக்களுடையது. அவர்கள் லுஹரையும் அஸரையும் சேர்த்தும், மஃரிபையும் இரவுத் தொழுகையான இஷாவையும் சேர்த்தும் தொழும் வழக்கம் உள்ளவர்கள். ரமலான் பிறையைப் பற்றிய அறிவிப்பும் இப்படித்தான். 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டத்தின் கீழ் அரசு நியமிக்கும் தலைமைக் காஜியின் அறிவிப்பைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள்; வேறு கணக்கை ஏற்பவர்கள் ஒரு நாள் முன்பின்னாகப் பெருநாள் கொண்டாடுவதும் உண்டு. வானம் எல்லோருக்கும் ஒன்றுதான். அதைப் பார்த்து நேரத்தை ஒப்புக்கொள்வது மனிதர்கள் கூடிச் செய்கிற காரியம். கூட்டுத் தொழுகைக்குத் தனித்தொழுகையைவிட இருபத்தேழு மடங்கு நன்மை என்ற நபிமொழி ஏன் அவ்வளவு அழுத்தமாகச் சொல்லப்பட்டது என்பதற்கு இங்கே ஒரு விடை இருக்கிறது. நேரத்தைக் காப்பாற்ற ஒருவர் போதும். அதைப் பொது நேரமாக்கப் பக்கத்தில் தோள் ஒட்டி நிற்க இன்னொருவர் வேண்டும்.

இந்தத் தோள்கள் ராயப்பேட்டையில் ஒன்றுசேர்ந்ததற்கு வரலாறு உண்டு. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1768இல் சேப்பாக்கம் அரண்மனைக்கு வந்தார். அவரோடு படைவீரர்களும் எழுத்தர்களும் வைத்தியர்களும் கைவினைஞர்களும் வந்து திருவல்லிக்கேணியிலும் ராயப்பேட்டையிலும் குடியேறினார்கள். 1795இல் வாலாஜா பெரிய பள்ளிவாசல் எழுந்தது. 1855இல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்ததும் ஆங்கிலேயர் நவாப் பட்டத்தை ஒழித்து அரண்மனையையும் எடுத்துக்கொண்டார்கள். 1867இல் நவாப் குடும்பத்துக்கு ‘ஆர்க்காடு இளவரசர்’ என்ற பட்டம் மட்டும் கிடைத்தது. 1876இல் அந்தக் குடும்பம் ராயப்பேட்டை அமீர் மஹாலுக்குக் குடிவந்தது. ஆட்சி போனபின் அரண்மனையை நம்பி வாழ்ந்த ஒரு சமூகம் சிதறிப்போயிருக்கலாம். சிதறாமல் நின்றதற்குக் காரணம் பள்ளிவாசல்களும் அவற்றுக்கு எழுதிவைக்கப்பட்ட வக்ஃபு சொத்துகளும், அவற்றைச் சுற்றியிருந்த மஹல்லாக்களும். பின்னால் ராமநாதபுரம், தஞ்சை, நெல்லைச் சீமைகளிலிருந்து வியாபாரத்துக்கு வந்த தமிழ் முஸ்லிம்கள் அதே மஹல்லாக்களுக்குள் இடம் தேடிக்கொண்டார்கள். தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1951இல் ராயப்பேட்டையில் புதுக்கல்லூரியைத் தொடங்கியதும், 1955இல் தேனாம்பேட்டையில் எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரி வந்ததும் இந்த வரலாற்றின் தொடர்ச்சி. 1960களின் பிற்பகுதியில் சென்னைப் புறநகரான பல்லாவரத்தில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் மாட்டிசன் மைன்ஸ் ஒரு முக்கியமான முடிவுக்கு வந்தார். ஊரில் ராவுத்தர், லெப்பை, மரைக்காயர் என்று தனித்தனியாக அறியப்பட்டவர்கள் நகரத்துக்கு வந்ததும் அந்த அடையாளங்களைத் தளர்த்தி, முஸ்லிம் என்ற பொது அடையாளத்தின் கீழ் கூடுகிறார்கள், மார்க்க அனுசரிப்பும் கூடுகிறது என்பது அது. நகரம் பக்தியைக் கரைத்துவிடும் என்று பலரும் எண்ணியிருந்த காலத்தில் வந்த இந்த முடிவு இன்றும் சிந்திக்கத் தக்கது. முகம் தெரியாத நகரத்தில் ஒரு மனிதனை நான்கு பேருக்குத் தெரியவைக்கும் இடம் பள்ளிவாசல்தான். மூன்று நாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க அங்கே ஆள் இருக்கிறது.

ஜமாஅத் என்பது தொழுகை வரிசை மட்டுமா என்றால், இல்லை; மஹல்லாவின் நிர்வாக அமைப்பும் அதுவே. சென்னையில் ஒரு முஸ்லிம் குடும்பம் பிறப்பு முதல் இறப்பு வரை எத்தனை முறை மஹல்லாவின் கதவைத் தட்டுகிறது என்று எண்ணிப் பார்த்தால் இதன் விரிவு புரியும். பிள்ளைக்கு அலிஃப், பே சொல்லிக்கொடுக்கும் ஓதுபள்ளி அங்கே. நிக்காஹ் பதிவாகும் தஃப்தர் என்ற பதிவேடு அங்கே. மணமகன் வேறு மஹல்லாக்காரர் என்றால் அவருடைய ஜமாஅத்திலிருந்து கடிதம் வேண்டும். முன்பே திருமணம் ஆனவரா, குடும்பம் எப்படி என்ற விசாரணை அந்தக் கடிதத்துக்குள் அடங்கியிருக்கிறது. இறந்தவரின் உடலைச் சுமந்து செல்லும் சந்தூக்குப் பெட்டி பள்ளிவாசலில் இருக்கும். இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை ‘ஃபர்ளு கிஃபாயா’. அதாவது ஊரில் சிலராவது நிறைவேற்றினால் எல்லோர் கடமையும் நீங்கும், யாருமே செய்யாவிட்டால் எல்லோர் மீதும் குற்றம். ஒரு மனிதனின் இறுதிக் கடமையை உறவினரின் பொறுப்பாக மட்டும் விடாமல் தெருவின் பொறுப்பாக்கிய இந்த ஏற்பாட்டைவிட மஹல்லாவுக்குத் தெளிவான இலக்கணம் கிடையாது. ஓராண்டு கையில் தங்கிய செல்வத்தில் இரண்டரை சதவீதம் ஜகாத். அதை யாருக்குக் கொடுப்பது என்று தேடிப்போகத் தேவையில்லாதபடி, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது ஜமாஅத்தாருக்குத் தெரிந்திருக்கும். சில பள்ளிவாசல்கள் இதற்கென்றே பைத்துல்மால் என்ற பொதுநிதி நடத்துகின்றன. ரமலானில் அஸருக்குப் பிறகு தூக்குச்சட்டியோடு பிள்ளைகள் நோன்புக் கஞ்சிக்கு வரிசையில் நிற்பது இந்தப் பகிர்வின் கண்ணுக்குத் தெரியும் வடிவம். 2001 முதல் தமிழக அரசு அந்தக் கஞ்சிக்குப் பச்சரிசி தருகிறது. மாநிலத்தில் ஏறத்தாழ மூவாயிரம் பள்ளிவாசல்கள் அதைப் பெறுகின்றன. அரசுக் கணக்கிலிருந்து வந்த அரிசி மஹல்லாவின் கொப்பரையில் வெந்து, வீட்டுச் சட்டிக்குப் போகிறது. நோற்பவர், நோற்காதவர், முஸ்லிம், முஸ்லிம் அல்லாதவர் என்று அங்கே யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

தொழுகைக்கும் மஹல்லாவுக்கும் அடுத்த மூன்றாவது தூண் வீடு. இதைப் பற்றி எழுதும்போது பலர் ‘குடும்பமே அடித்தளம்’ என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அடித்தளத்தில் யார் உழைக்கிறார்கள் என்று கேட்பதில்லை. ரமலானில் நோன்புக்கு முந்தைய சஹர் உணவுக்கு அதிகாலை நான்கு மணிக்கு வீடு சாப்பிட வேண்டுமானால் மூன்று மணிக்கு ஒருவர் எழுந்திருக்க வேண்டும். அவரும் நோன்பாளிதான். நோன்பு திறக்கும் இஃப்தாருக்கு விரிப்பு விரித்து, பேரீச்சம்பழமும் கஞ்சியும் வடையும் எடுத்துவைத்து, பாங்கு சொன்னதும் வீட்டு ஆண்கள் பள்ளிக்குப் போனபின் சட்டி கழுவுவதும் அவரே. சாதாரண நாளிலும் பிள்ளையை எழுப்பி, தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளு செய்யவைத்து, ஓதவைத்து, சீருடை போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது பெரும்பாலும் தாயின் வேலை. ஏழு வயதில் பிள்ளைகளைத் தொழச் சொல்லுங்கள் என்ற நபிமொழி நடைமுறையில் அவர் தோளில்தான் இறங்குகிறது. உபரியான சுன்னத்துத் தொழுகைகளை வீட்டில் தொழுவது சிறப்பு என்று மார்க்கம் சொன்னதற்குக் காரணம், பிள்ளைகள் பார்த்துக் கற்கட்டும் என்பதும்தான் என்று மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் விளக்குவதுண்டு. அப்படியானால் தொழுகையின் முதல் பள்ளிக்கூடம் வீடு, முதல் ஆசிரியர் தாய். எழுத்தாளர் சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவல் 2004இல் வெளிவந்தபோது எழுந்த கோபத்தில் பலர் கவனிக்கத் தவறிய செய்தி ஒன்று உண்டு. அந்த நாவலின் பெண்கள் மார்க்கத்துக்கு வெளியே நிற்பவர்கள் இல்லை. அதன் அன்றாடத்தைத் தூக்கிச் சுமப்பவர்கள். முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் இல்லாதவர்கள்.

இந்த மூன்றும் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்பதற்கு ஒரு சோதனை யாரும் விரும்பாமலேயே நடந்தது. 2020 மார்ச்சில் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. ஏப்ரல் 25 அன்று தொடங்கிய ரமலான் முழுவதும் ஜமாஅத் இல்லை, தராவீஹ் என்ற இரவுத் தொழுகை பள்ளியில் இல்லை, பெருநாள் தொழுகையும் வீட்டில்தான். நகரத்தின் பெரும்பாலான பள்ளிவாசல்களின் கதவுகள் செப்டம்பர் முதல் தேதி வரை திறக்கவில்லை. அந்த மாதங்களில் நேரத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. செல்பேசியில் பாங்கு ஒலித்தது, கால அட்டவணை கையில் இருந்தது, வேலைக்குப் போகாததால் ஓய்வும் இருந்தது. கடிகாரம்தான் இந்த வாழ்வின் உயிர் என்றால் அந்த ரமலான் மிகச் சிறந்த ரமலானாக இருந்திருக்க வேண்டும். இழப்பாக உணரப்பட்டதோ வரிசையும் ஸலாமும் கஞ்சியும். அரசு கொடுத்த ஐயாயிரம் டன்னுக்கும் அதிகமான அரிசியைப் பள்ளிவாசல்களில் காய்ச்ச முடியாமல், தன்னார்வலர்கள் வழியாக வீடுகளுக்கு அரிசியாகவே பிரித்துக் கொடுக்க நேர்ந்தது. யார் வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல் ஜமாஅத்திடம் இருந்ததால்தான் அதுவும் சாத்தியமானது. கொரோனாவில் இறந்தவர்களை, மதம் பாராமல், அவரவர் முறைப்படி அடக்கம் செய்யத் தமிழகமெங்கும் முன்வந்த இளைஞர்களில் முஸ்லிம் அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் கணிசமாக இருந்தார்கள். 2015 வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் கதவைத் திறந்து பலருக்குத் தங்குமிடம் கொடுத்ததும் இதே பழக்கத்தின் விளைவு. ஐந்து வேளை கூடிப் பழகியவர்களைக் கூட்டம் சேர்க்கத் தனியாக அழைப்பு தேவைப்படவில்லை.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, இப்படியொரு நாள் இன்றைய வேலை உலகத்துக்குப் பொருந்தாது என்பது. ஆங்கில வரலாற்றாசிரியர் இ.பி. தாம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, வேலையை அளவாகக் கொண்ட பழைய நேரம் எப்படி ஆலைச் சங்கின் நேரமாக, விலைக்கு வாங்கப்பட்ட நேரமாக மாறியது என்று காட்டியது. அந்த ஆலை நேரத்தின் வாரிசுதான் இன்றைய வணிக வளாகப் பணிநேரமும் உணவு விநியோக இளைஞனின் நிமிடக் கணக்கும். அதற்குள் தொழுகை எங்கே நுழையும்? கணக்கைப் பார்ப்போம். ஐந்தில் சுப்ஹும் இஷாவும் பெரும்பாலான பணிநேரங்களுக்கு வெளியே விழுகின்றன. பகல் வேலைக்காரர் பலருக்கு மஃரிபும் அப்படித்தான். எஞ்சுவது லுஹரும் அஸரும். ஒளுவோடு சேர்த்து இரண்டுக்கும் அரை மணி நேரம். வெள்ளிக்கிழமையை இஸ்லாம் விடுமுறை நாளாக்கவும் இல்லை. குர்ஆனின் ஜும்ஆ அத்தியாயம் தொழுகை அழைப்பு கேட்டதும் வியாபாரத்தை நிறுத்தச் சொல்கிறது. முடிந்ததும் பரவிச் சென்று பிழைப்பைத் தேடச் சொல்கிறது. வியாபாரச் சமூகமாகவே தமிழ் முஸ்லிம்கள் இத்தனை நூற்றாண்டு நிலைத்தது இந்த இசைவினால்தான். ஆனால் இந்த அரை மணி நேரம் நடக்கும் தூரத்தில் பள்ளிவாசல் இருந்தால்தான் அரை மணி நேரம். ராயப்பேட்டை, அண்ணா சாலைக் கடைகளில் வேலை செய்பவருக்கு அது கிடைக்கிறது. தொலைதூரத் தொழிற்பேட்டையில் வேலை செய்பவருக்குக் கிடைப்பதில்லை. எல்லோரும் ஐவேளையும் தொழுகிறார்களா என்றும் கேட்கலாம். இல்லை. வெள்ளி மதியம் தெருவரை நீளும் வரிசை சனிக்கிழமை சுப்ஹில் ஒன்றிரண்டாகச் சுருங்கும் என்பது எந்த இமாமுக்கும் தெரிந்த உண்மை. ஆயினும் அந்த ஒன்றிரண்டு வரிசை தவறாமல் நிற்பதால்தான், வராதவருக்கும் பள்ளிவாசல் திறந்திருக்கிறது. இந்த ஒழுங்கு எல்லோருடைய முழுமையான பக்தியை நம்பி எழுப்பப்பட்டதன்று. சிலரின் தொடர்ச்சியும் பலரின் வருகைப்போக்கும் கலந்தே அது நிற்கிறது.

இரண்டாவது எதிர்வாதம், இந்த நெருக்கம் முஸ்லிம்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துவிடுகிறது என்பது. இதற்கு வாலாஜா பெரிய பள்ளிவாசலின் சுவரிலேயே ஒரு பதில் இருக்கிறது. அது கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கல்வெட்டு வாசகத்தை இயற்றியவர் நவாபின் அவையில் இருந்த மக்கன் லால் என்ற இந்து. அதே பள்ளிவாசலில் ரமலான் மாதம் முழுவதும் நோன்பு திறக்க உணவு கொண்டுவந்து பரிமாறுபவர்கள், மயிலாப்பூர் சூஃபிதார் ஆலயத்தைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள். பல பத்தாண்டுகளாக இது நடக்கிறது. பாங்கின் ஒலிபெருக்கி குறித்த புகாரை மட்டும் அப்படி ஒதுக்கிவிட முடியாது. சென்னைத் தேவாலயம் ஒன்று தொடர்பான வழக்கில் 2000இல் உச்ச நீதிமன்றம், ஒலிபெருக்கியால் பிறர் அமைதியைக் குலைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று தீர்ப்பளித்தது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை விதிக்கும் விதியும் அதே ஆண்டு வந்தது. இது எல்லா வழிபாட்டுத் தலங்களுக்கும் பொது. பாங்கு என்பது குரல். அது ஒலிபெருக்கிக்குப் பதின்மூன்று நூற்றாண்டுகள் மூத்தது. ஒலியைக் குறைத்துக்கொள்வதால் தொழுகைக்கு ஒரு நட்டமும் இல்லை. பிரிவு பற்றிய குற்றச்சாட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. இந்த நகரத்தின் பல பகுதிகளில் பெயரைக் கேட்டதும் வாடகைக்கு வீடு இல்லை என்று சொல்லப்படுகிற முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. ராயப்பேட்டையிலும் திருவல்லிக்கேணியிலும் அவர்கள் நெருங்கி வாழ்வதில் விருப்பமும் இருக்கிறது, வேறு வழியின்மையும் இருக்கிறது. கதவைச் சாத்தியவர்களே ‘ஏன் ஒன்றாகவே குடியிருக்கிறீர்கள்’ என்று கேட்பது எந்த விதத்தில் சரி?

மூன்றாவது எதிர்வாதம்தான் கடினமானது, பெரும்பகுதி சரியானதும்கூட. மஹல்லா என்பது அரவணைப்பு என்றால் அது அதிகாரமும்தான். திருமணக் கடிதம் கொடுக்கக்கூடியவர்கள் கொடுக்க மறுக்கவும் கூடும். நாவலாசிரியர் தோப்பில் முஹம்மது மீரான் 1988இல் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் காட்டிய, ஊரையே கையில் வைத்திருக்கும் முதலாளியின் ஆட்சி கற்பனை மட்டுமல்ல என்பதை அதைப் படித்த எந்த ஊர்க்காரரும் அறிவார். ராயப்பேட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு வழக்கு நடந்தது. அண்ணா சாலைப் பள்ளிவாசல் ஒன்றில் இயங்கிவந்த ஷரீஅத் கவுன்சில் நீதிமன்றம்போல நடந்துகொள்கிறது என்று, தன் மணவாழ்வுப் பிரச்சினையில் பாதிக்கப்பட்டதாக முறையிட்ட ஓர் ஆண் வழக்குத் தொடுத்தார். வழிபாட்டுத் தலங்கள் வழிபாட்டுக்கே என்று கூறி, 2016 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மன்றங்களைத் தடுக்க உத்தரவிட்டது. அடுத்த மாதமே, வழக்கறிஞரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான பதர் சயீத் தொடுத்த வழக்கில், காஜிகள் தலாக் சான்றிதழ் வழங்குவதற்கு அதே நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆண்கள் மட்டுமே அமர்ந்து பெண்ணின் வாழ்க்கையை முடிவு செய்யும் ஜமாஅத்துக்கு எதிராகப் புதுக்கோட்டையில் செயற்பாட்டாளர் ஷரீஃபா கானம் பெண்கள் ஜமாஅத் ஒன்றையே உருவாக்கினார், பெண்களுக்கென ஒரு பள்ளிவாசல் கட்டவும் முனைந்தார். அதை மார்க்க விரோதம் என்று சொன்னவர்கள், பெண்கள் ஏன் தனி ஜமாஅத் தேட நேர்ந்தது என்ற கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

மார்க்கம் இதில் எங்கே நிற்கிறது? இறைவனின் அடியார்களான பெண்களைப் பள்ளிவாசல்களிலிருந்து தடுக்காதீர்கள் என்ற கருத்துள்ள நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றது. பெண்கள் பள்ளிவாசலில் தொழ அனுமதி கோரிப் புனே தம்பதியர் 2019இல் உச்ச நீதிமன்றம் போனபோது, அகில இந்திய முஸ்லிம் தனியார் சட்ட வாரியமே 2020 ஜனவரியில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில், பெண்கள் பள்ளிவாசலுக்கு வந்து தொழ மார்க்கத்தில் தடையில்லை, ஆனால் ஜமாஅத்தோடு தொழுவது அவர்களுக்குக் கட்டாயமில்லை என்றது. கட்டாயமில்லை என்ற சலுகை நடைமுறையில் இடமில்லை என்ற விலக்காக மாறிவிட்டதுதான் நம் ஊர்ப் பள்ளிவாசல்களின் கதை. தவ்ஹீத் ஜமாஅத் என்ற அமைப்பாரின் பள்ளிகள் பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்கி இதை ஓரளவு மாற்றின. மற்றப் பள்ளிகளில் சிலவும் பின்தொடர்ந்தன. பழைய பள்ளிவாசல்கள் பலவற்றில் கடைத்தெருவுக்கு வந்த பெண் அஸர் தொழ ஒரு மூலைகூடக் கிடையாது. இதை அவருடைய தனிப்பட்ட சங்கடமாகப் பார்ப்பது பிழை. நடக்கும் தூரத்தில் பள்ளிவாசல் இருப்பதுதான் இந்த வாழ்வின் அச்சாணி என்றால், சமூகத்தின் பாதிப்பேருக்கு அந்தப் பள்ளிவாசல் எட்டாத தூரத்தில் இருக்கிறது. நிஸ்வான் எனப்படும் பெண்கள் மதரசாக்களில் ஆலிமா பட்டம் பெற்று வெளிவரும் பெண்கள் பெருகிவரும் காலத்தில், குர்ஆன் விளக்கம் தெரிந்த பெண்ணுக்குப் பள்ளியில் நிற்க இடமில்லை, நிர்வாகத்தில் பேச்சுமில்லை என்பது தாங்கக்கூடிய முரண்பாடு அல்ல. ஜமாஅத்துகள் குடும்பங்களைத் ‘தலைக்கட்டு’ என்று எண்ணுகின்றன. வரி கட்டுவதும் வாக்களிப்பதும் மணமான ஆணின் பெயரில்தான். கணவனை இழந்து, வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்க்கிற பெண் பல ஊர்களில் தலைக்கட்டாகக் கணக்கில் வருவதே இல்லை. ஜகாத் பட்டியலில் அவர் பெயர் இருக்கும், வாக்காளர் பட்டியலில் இருக்காது.

பெண்களைப் போலவே இந்த ஒழுங்கைத் தாங்கியும் கணக்கில் வராத இன்னொரு கூட்டம் இமாம்களும், பாங்கு சொல்லும் மோதினார்களும். அதிகாலை நான்கு மணிக்குப் பள்ளியைத் திறந்து இரவு ஒன்பதரைக்கு மூடுபவருக்கு நாள் முழுவதும் வேலைதான். ஊதியமோ குடும்பம் நடத்தக் காணாது. இமாம்களுக்கு ஊதியம் வழங்க வக்ஃபு வாரியங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1993இலேயே சொன்னது. முப்பது ஆண்டுகள் கடந்தும் தமிழகத்தின் பெரும்பாலான பள்ளிகளில் அந்தப் பொறுப்பு அந்தந்த ஜமாஅத்தின் வசதியையும் மனதையும் பொறுத்ததாகவே இருக்கிறது. பளிங்குத் தரைக்கும் குளிரூட்டிக்கும் வசூலாகும் பணம் மோதினாரின் சம்பளத்துக்கு வசூலாவதில்லை. இது வெட்கப்பட வேண்டிய நிலை.

வரப்போகும் சிக்கலைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் முஸ்லிம்கள் 5.86 சதவீதம்; சென்னையில் 9.45 சதவீதம். இந்த வேறுபாட்டில் பெரும்பங்கு ராயப்பேட்டை, திருவல்லிக்கேணி, மண்ணடி போன்ற பழைய பகுதிகளின் செறிவினால் வருவது. வாடகையும் நில விலையும் ஏற ஏற, இளம் குடும்பங்கள் தாம்பரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் பெயர்கின்றன. அங்கே நடக்கும் தூரம் என்ற அளவுகோல் உடைகிறது. சிங்கப்பூர் இதே நெருக்கடியைச் சந்தித்தது. கம்போங் எனப்படும் பழைய கிராமக் குடியிருப்புகளை இடித்து மக்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றியபோது, முஸ்லிம் ஊழியர்களின் சேமநிதிக் கணக்கிலிருந்து மாதம் ஐம்பது காசு முதல் பிடித்தம் செய்யும் பள்ளிவாசல் கட்டுமான நிதி 1975இல் தொடங்கப்பட்டது. அந்த நிதியில் முதல் பள்ளிவாசல் தோ பாயோவில் 1977இல் திறந்தது. அடுத்தடுத்து ஒவ்வொரு புதுநகரத்திலும் ஒன்று எழுந்தது. அவற்றில் பெண்களுக்கான இடமும் வகுப்பறைகளும் வரைபடத்திலேயே இருந்தன. 1820களில் சூலியா பள்ளிவாசலைக் கட்டிய தமிழ் முஸ்லிம்களின் வழிவந்தவர்களும் அந்த ஐம்பது காசைக் கொடுத்தார்கள். சிங்கப்பூர் அரசின் ஏற்பாட்டை இந்தியாவில் அப்படியே எதிர்பார்க்க முடியாது. ஆனால் வக்ஃபு வருமானம் உள்ள பழைய மஹல்லா, தன் பிள்ளைகள் குடியேறிய புறநகரில் ஒரு சிறிய தொழுமிடத்துக்குக் கை கொடுக்க முயலலாம்.

ஆகவே ராயப்பேட்டையின் பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. வெள்ளிக்கிழமை குத்பா உரையில் நேரந்தவறாமையைப் பற்றிப் பேசுங்கள், நல்லது. அதற்கு முன் இந்த ரமலானுக்குள் பெண்களுக்கு ஒளு செய்யும் இடத்தோடு ஒரு தொழுமிடம் ஒதுக்குங்கள். இமாமுக்கும் மோதினாருக்கும் கொடுக்கும் ஊதியத்தை வரவுசெலவோடு பலகையில் எழுதிப் போடுங்கள். அடுத்த நிர்வாகத் தேர்தலில் தலைக்கட்டுப் பட்டியலை எடுத்துவைத்துவிட்டு, மஹல்லாவில் குடியிருக்கும் வயதுவந்த ஒவ்வொருவருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், ஒரு வாக்கு கொடுங்கள்.